மூட்டைக்குள் மூச்சு

சரக்கு ஏன் குறைகிறது, ஏன் சூடேறுகிறது, ஏன் கெடுகிறது? மளிகை, தானியம், காய்கனி வணிகர்களுக்கு ஒரு விஞ்ஞான விளக்கம்

வருடக் கடைசியில் இருப்புச் சரிபார்க்கும்போது, கணக்கும் தராசும் ஒத்துப்போகாத சரக்கு ஒன்றிரண்டாவது எல்லாக் கடைகளிலும் இருக்கும். ஐந்து குவிண்டால் வாங்கினோம், நாலே முக்கால் குவிண்டால் விற்றோம், பாக்கி 25 கிலோ இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் 15 கிலோதான் இருக்கிறது. மண்டியில் எடை குறைந்ததா, லாரியில் யாரேனும் கை வைத்தார்களா, கடைப் பையன் கவனக்குறைவாக நிறுத்தானா என்று சந்தேகம் நாலு பக்கமும் ஓடுகிறது. இந்தச் சந்தேகத்தாலேயே பல வருடம் உழைத்த பணியாளரை இழந்த கடைகளும் உண்டு.

சந்தேகம் சில நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் தராசும் சரி, சீட்டும் சரி, ஆளும் சரி என்ற நிலையிலும் சரக்கு குறைவது உண்டு. காரணம், நம் கிடங்கில் அடுக்கியிருக்கும் சரக்கில் பாதிக்கு மேல் உயிருள்ள சரக்கு. அது மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, தன் சேமிப்பைத் தானே செலவு செய்கிறது. இதை அறிந்துகொண்டால் கொள்முதலில் ஏமாறாமல் இருக்கலாம், சேதாரத்தைக் குறைக்கலாம். ஒரு சில இடங்களில் உயிரையே காப்பாற்றிக்கொள்ளலாம். ஆகவே நமது அன்பர்கள் இதைப் பாடப்புத்தக விஷயம் என்று ஒதுக்காமல் படிக்க வேண்டுகிறோம்.

சூரியன் போட்ட முதல்

எந்த வியாபாரத்துக்கும் முதல் வேண்டும். நாம் விற்கும் தானியத்துக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் முதல் போட்டவர் யார்? உழவர் நிலத்தையும் உழைப்பையும் போட்டார். ஆனால் அந்தச் சரக்கின் எடை எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து வந்தது என்றே நெடுங்காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற அறிஞர் இதைத் தராசு வைத்தே சோதித்துப் பார்த்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 2 கிலோவுக்குச் சற்று மேலான ஒரு மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று 77 கிலோ மரமாயிற்று. மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது 60 கிராம் கூட இல்லை. மரத்தின் எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். 1648-ல், அவர் காலமான பின், இந்தச் சோதனை அச்சில் வெளிவந்தது. அவர் கணக்கில் விட்டுப்போனது காற்று.

அந்தப் பாக்கியை நேர் செய்தவர்கள் இருவர். இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1771-ல் மூடிய கண்ணாடிக்குள் மெழுகுவர்த்தியை எரித்து, அது அணைந்த பின் அதே காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. டச்சு மருத்துவரான யான் இங்கன்ஹவுஸ் 1779-ல் அதற்கு மேல் ஒரு படி போனார். வெயில் படும் பச்சைப் பாகம் மட்டுமே காற்றைச் சுத்தம் செய்கிறது, இருட்டில் வைத்தால் செடியும் பிராணிகளைப் போலக் காற்றைக் கெடுக்கிறது என்று காட்டினார். நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவது உண்மைதான். நம் கிடங்கு இருட்டாயிற்றே!

பச்சை இலை என்பது வெயிலில் ஓடும் ஒரு ஆலை. காற்றிலிருந்து கரியமில வாயுவையும், வேர் வழியே தண்ணீரையும் எடுத்து, சூரிய ஒளியின் சக்தியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இந்த ரசாயன மாற்றத்தின் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. வரவுசெலவாக எழுதினால் இப்படி:

கரியமில வாயு 264 கிராம், தண்ணீர் 108 கிராம். மொத்தம் 372 கிராம் உள்ளே.

சர்க்கரை 180 கிராம், பிராணவாயு 192 கிராம். மொத்தம் 372 கிராம் வெளியே.

ஒரு கிராம் கூடப் பிசகவில்லை. இதோடு எடையில் தெரியாத ஒரு வரவும் உண்டு. அந்த 180 கிராம் சர்க்கரைக்குள் 686 கிலோ கலோரி சூரிய சக்தி பூட்டி வைக்கப்படுகிறது. இந்தச் சர்க்கரையைத்தான் செடி பிறகு மாவாகவும், எண்ணெயாகவும், மண்ணிலிருந்து சத்து சேர்த்துப் புரதமாகவும் மாற்றி விதையில் வைக்கிறது. நெல், உளுந்து, கடலை எல்லாமே வருங்காலக் கன்றுக்காகத் தாய்ச் செடி கட்டிவைத்த சேமிப்பு. அந்தச் சேமிப்பைத்தான் நாம் வாங்கி விற்கிறோம்.

இருட்டில் வரவில்லை, செலவு உண்டு

அறுவடை ஆனதும் வரவு நின்றுவிடுகிறது. செலவு நிற்பதில்லை. விதைக்குள் இருக்கும் உயிர் உறக்கத்தில் இருந்தாலும், உயிர் தரிக்கச் சிறிது சக்தி வேண்டும். பிராணவாயுவை உள்ளே இழுத்து, சர்க்கரையை மெல்ல எரித்து, கரியமில வாயுவையும் தண்ணீரையும் வெளியே விடுகிறது. பூட்டி வைத்த சூரிய சக்தி சூடாக வெளியேறுகிறது. மேலே எழுதிய கணக்கைத் தலைகீழாகப் படித்தால் இதுதான்.

ஒரு கிலோ சர்க்கரைச் சத்து இப்படி எரிந்தால் சுமார் 1,470 கிராம் கரியமில வாயு காற்றில் போகிறது. 600 கிராம் தண்ணீர் ஈரமாக வெளிப்படுகிறது. கிடைக்கும் சூடு 3,800 கிலோ கலோரி. 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். அடுப்பில் விறகு எரிவதும் மூட்டையில் தானியம் மூச்சு விடுவதும் முடிவில் ஒரே ரசாயனம். வேகத்தில்தான் வித்தியாசம். இந்த வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈரம், சூடு, காற்று என்ற மூன்றின் கையில் இருக்கிறது.

எது உயிருள்ள சரக்கு?

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கைப்பிடியை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் முளைக்குமானால் அது உயிருள்ள சரக்கு. நெல், முழு உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முழுத் துவரை, கம்பு, சோளம், கேழ்வரகு, கொத்தமல்லி விதை, நிலக்கடலை எல்லாம் இந்த வகை. வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி ஆகியவையும் இதே வகைதான். ஊறவைக்காமலே முளைத்து அவை அதை நமக்குத் தெரிவித்துவிடுகின்றன.

அரிசி முளைக்காது. தீட்டும்போது முளை போய்விடுகிறது. புழுங்கலரிசியில் வேகவைக்கும்போதே நெல்லின் உயிர் போய்விடும். உடைத்த பருப்பு, ரவை, மாவு, வெல்லம், எண்ணெய் ஆகியவையும் உயிரற்றவை. இவை தாமாக மூச்சு விடுவதில்லை. ஆனால் இவற்றில் குடியேறும் வண்டும் புழுவும் பூஞ்சையும் மூச்சு விடும். ஆகவே இவற்றுக்கும் சூடு, ஈரம், எடைக்குறைவு உண்டு.

குறைவு இரண்டு வகை

மேலே சொன்ன 10 கிலோ எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த தானியம் மூச்சினால் இழக்கும் எடை மிகச் சொற்பம். மாதக்கணக்கில் வைத்தாலும் தராசில் அநேகமாகத் தெரியாது. பெரும்பகுதி போவது ஈரமாகத்தான். ஈரமாக வாங்கிய சரக்கு நம் கிடங்கில் காய்கிறது, நாம் தண்ணீருக்கும் தானிய விலை கொடுத்திருக்கிறோம்.

இதில் கணக்குப் பிழை ஒன்று வழக்கமாக நேர்கிறது. 14 விழுக்காடு ஈரமுள்ள பயறு 11 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் 100 கிலோவுக்கு 3 கிலோ குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 100 கிலோவில் ஈரம் போக உள்ள உலர்ந்த சரக்கு 86 கிலோ. காய்ந்த பின் அந்த 86 கிலோதான் மொத்தத்தில் 89 விழுக்காடு. 86-ஐ 89-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 96 கிலோ 630 கிராம். ஆக, குறைவது 3 கிலோ 370 கிராம். கிலோ 80 ரூபாய் வீதம் வாங்கியிருந்தால், காய்ந்த சரக்கின் அடக்க விலை கிலோ 82 ரூபாய் 79 காசு. வண்டிச் சத்தமும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் இதற்கு மேல். கிலோவுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் லாபத்தில் ஓடும் சில்லறை வியாபாரத்தில் இது லாபம் முழுவதையும் விழுங்கி, கைமுதலையும் கடித்துவிடும்.

ஆகவே ஈரமானி கருவி வாங்குவது செலவல்ல. தனியாக வாங்க இயலாத சிறு வணிகர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்லும் பெரியவர்களின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓரிரண்டு விழுக்காடு வித்தியாசம் பல்லுக்குத் தெரியாது, ஐந்தொகைக்குத் தெரியும்.

மூட்டை ஏன் சூடேறுகிறது?

ஈரம் அதிகமான சரக்கில் எடைக்குறைவைவிடப் பெரிய ஆபத்து சூடு. கோணியும் தானியமும் சூட்டை எளிதில் வெளியே விடுவதில்லை. அடுக்கின் நடுவில் ஒரு மூட்டை மட்டும் ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வேகமாக மூச்சு விடும். மூச்சினால் சூடும் ஈரமும் பிறக்கும். அந்தச் சூடும் ஈரமும் மூச்சை இன்னும் வேகமாக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கடன் வட்டி குட்டி போடுவது போல இது தானே வளரும்.

சூடும் ஈரமும் கண்ட இடத்தில் வண்டு பெருகும், பூஞ்சை படரும். இவை தானியத்தைவிடப் பலமடங்கு வேகமாக மூச்சு விடுபவை. நடு மூட்டையில் எழும் வெப்பமான ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த மேல் மூட்டைகளில் வியர்வையாகப் படியும். தண்ணீரே படாத மேல் அடுக்கு ஏன் நனைந்து கட்டிபிடித்தது என்று கூரையில் ஓட்டை தேடுவோர் உண்டு. கூரையில் குற்றமில்லை. அடியிலிருந்து வந்த மூச்சுதான் அது.

எல்லாச் சரக்குக்கும் ஒரே ஈர அளவு பொருந்தாது. நெல்லுக்கு 12 அல்லது 13 விழுக்காடு தாங்கும். பயறு வகைகள் 10 விழுக்காடு சுற்றில் இருப்பது நல்லது. நிலக்கடலைப் பருப்புக்கு 7 விழுக்காடு. கடலைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அதில் பாதியளவு எண்ணெய். எண்ணெய் ஈரத்தை ஏற்காது. ஆகவே இருக்கிற ஈரம் எல்லாம் மற்றப் பாதியிலேயே தங்கி, பூஞ்சைக்கு விருந்தாகிறது.

இந்தப் பூஞ்சையை வெறும் அழுக்கு என்று துடைத்து விற்பது கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் பச்சைப் பூஞ்சை ஒன்று உண்டாக்கிய விஷம் இருந்தது. அஃப்ளடாக்சின் என்று பெயர் பெற்ற அந்த விஷம் ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும், ஏற்கெனவே கலந்த விஷம் சாகாது. பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி எடுத்து அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கறிக்கோ ஆட்டிய எண்ணெய்க்கோ மாட்டுத் தீவனத்துக்கோ தள்ளிவிடுவதும் தவறு. பாலிலும் அந்த விஷத்தின் கூறு வந்து சேரும்.

எண்ணெய்ச் சரக்கில் சூடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொப்பரை ஒரு சாட்சி. ஐக்கிய நாடுகளின் அபாயச் சரக்குப் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்ற எண் கொடுத்து, தானாகச் சூடேறும் சரக்கு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்து மூடிவைப்பது நெருப்பை மடியில் கட்டுவதற்குச் சமம்.

மூச்சை அடக்கினால்?

மூச்சு விட முடியாமல் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நம் முன்னோர்கள் அதைத்தான் செய்தார்கள். நன்றாகக் காய்ந்த தானியத்தைக் குதிரில் நிரப்பி, வாயைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி அடைத்தார்கள். உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தானியமும் பூச்சியும் பயன்படுத்தித் தீர்த்துவிடும். பூச்சி முதலில் சாகும். 1980-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் தட்டைப்பயறு வைப்பதற்கு உருவாக்கிய மூன்றடுக்குப் பையும் இதே தத்துவம்தான். காற்றுப் புகாத இரண்டு பிளாஸ்டிக் உறை உள்ளே, சாதாரணப் பை வெளியே. மருந்தே இல்லாமல் பயறு வண்டு மடிகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: சரக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சரக்கைக் காற்றில்லாமல் அடைத்தால் புளித்து நாறிப்போகும்.

பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவதும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. தானியத்தின்மேல் படியும் எண்ணெய்ப் படலம் வண்டு இட்ட முட்டைக்குக் காற்றுப் போகாமல் தடுக்கிறது. துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கமும் வண்டு அண்டுவதைக் குறைக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தானியம் நிரப்பி நெடுநாள் மூடிவைத்த குழி, தொட்டி, பாதாள அறை எதிலும் திறந்தவுடன் இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்து கரியமில வாயு நிறைந்திருக்கும். இறங்கிய ஆள் கத்தக்கூட நேரமின்றி மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். நன்றாகத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தி, கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திய பின்பே இறங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை பூச்சி மாத்திரை பற்றியது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற வாயுவை விடுகிறது. அது பூச்சியின் மூச்சை நிறுத்துவது போலவே மனிதர் மூச்சையும் நிறுத்தும். மாற்று மருந்து கிடையாது. முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் வாடகைக் குடித்தனம் என்று இருக்கும் கட்டடங்களில் சுவர் விரிசல் வழியாகவே இது பக்கத்து அறைக்குப் போகும். அரசு நிறுவனங்களும் அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிபுணர்களும் மட்டுமே இதைக் கையாளலாம் என்பது விதி. இரண்டு மாத்திரையை மூட்டைக்குள் போட்டுவைப்போம் என்று எந்த அன்பரும் எண்ண வேண்டாம். மூட்டைக்குள் பூச்சி இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி இருக்கிறது. தானியத்தில் செருகி வைத்தால் அலையும் வண்டுகள் துளை வழியே விழுந்து அடியில் சேரும். விலையும் குறைவு, விஷமும் இல்லை.

வெங்காயமும் உருளையும்

வெங்காயம் ஈரமான உயிர்ச் சரக்கு. அதற்குக் காற்று ஓட வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தரையிலிருந்து உயர்த்தி, இரு பக்கமும் காற்றுப் புகுந்து போகும்படி ஒடுக்கமாகக் கட்டியிருப்பார்கள். வெங்காயத்தைக் குளிரில் வைத்தால் நல்லது என்று எண்ணுவது சரியல்ல. 10 முதல் 20 டிகிரி வரையிலான இளங்குளிரில்தான் அது விரைவாக முளைவிடும். 25 முதல் 30 டிகிரி உலர்ந்த சூட்டில் உறக்கம் நீடிக்கும். கெடுப்பது மழைக்கால ஈரமும், மூடிப் போடும் தார்ப்பாயும்தான்.

உருளைக்கிழங்கு குளிர்கிடங்கிலிருந்து 2 முதல் 4 டிகிரியில் வருகிறது. நம்மூர் வெயிலில் இறக்கியதும் அதன்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மூச்சும் வேகமெடுக்கும். உடனே அடுக்கி மூடினால் அழுகும். காற்றே இல்லாமல் போனால் வெளியே நன்றாக இருக்கும் கிழங்கு நடுவில் கறுத்துவிடும். நிழலில் பரப்பி ஆறவிட்டு, பிறகு வைக்க வேண்டும். ஆனால் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. கிழங்கு இலையல்ல, என்றாலும் வெளிச்சம் பட்டால் அதிலும் பச்சையம் உண்டாகித் தோல் பச்சையாகும். பச்சையம் கெடுதலல்ல. அதோடு கூடவே பெருகும் சோலனின் என்ற கசப்புப் பொருள் நஞ்சு. பச்சைபிடித்த கிழங்கை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது.

பழமும் கல்லும்

வாழைக்காய் பழுப்பதும் ரசாயன மாற்றமே. காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கும் மாவு, பழுத்தபின் ஓரிரு பங்காகக் குறைந்து, சர்க்கரையாகிவிடுகிறது. இதைத் தொடங்கி வைப்பது எதிலீன் என்ற வாயு. 1901-ல் ரஷ்ய மாணவர் நெல்யூபோவ், விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எதிலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டார். பழங்களே இந்த வாயுவை வெளியிடுகின்றன என்று 1934-ல் இங்கிலாந்தின் கேன் நிரூபித்தார். மாங்காயை அரிசிப் பானையிலும் வைக்கோலிலும் புதைப்பதும், வாழைத் தாருக்கு மூட்டம் போடுவதும் ஏன் என்று இப்போது விளங்கும். முதலில் சொன்னதில் காயின் எதிலீன் வெளியேறாமல் தங்குகிறது. மூட்டத்தில் புகையிலுள்ள எதிலீன் வேலை செய்கிறது. பழுத்த பழத்தின் அருகில் கீரையை வைத்தால் மஞ்சளிப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில்தான் கார்பைடு கல் நுழைந்தது. கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது எதிலீன் போல் ஓரளவு நடித்துத் தோலை மஞ்சளாக்கும். வெல்டிங் பட்டறைக்காகச் செய்யப்படும் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கிறது. அவற்றின் நச்சு வாயுவும் கூடவே வருகிறது. உணவுக் கலப்படத் தடை விதிகளின் 44-ஏஏ பிரிவிலேயே இதற்குத் தடை இருந்தது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விற்பனைத் தடை ஒழுங்குமுறையின் 2.3.5 பிரிவில் அந்தத் தடை தொடர்கிறது. பழுக்க வைத்தவர் மட்டுமல்ல, அந்தப் பழத்தை விற்பவரும் பொறுப்பாளி என்பதைச் சில்லறை வியாபாரிகள் மறக்க வேண்டாம்.

சட்டம் வழியை அடைத்துவிடவில்லை. எதிலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016-ல் அனுமதி தரப்பட்டது. 16 முதல் 18 டிகிரி குளிரில், ஈரக்காற்றில், ஓரிரண்டு நாள் எதிலீன் கொடுத்தால் தார் ஒரே சீராகப் பழுக்கும். இடையிடையே அறையைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லையேல் பழுப்பது தடைப்படும். 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுக்கும். மருந்துக் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கு அனுமதியில்லை. தனி ஒருவரால் பழுக்கவைக்கும் அறை கட்ட இயலாது. மண்டி வணிகர்கள் கூட்டாகக் கட்டினால் இயலும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. ஈரம் பார்த்து விலை பேசுங்கள். சீட்டில் எடையோடு ஈர அளவையும் எழுதுங்கள்.

2. புதிதாக வந்த மூட்டைகளில் குத்தூசி விட்டு நடுச் சரக்கை எடுத்துப் பாருங்கள். மேலே காய்ந்தும் நடுவில் ஈரமாகவும் இருக்கலாம்.

3. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் ஆள் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

4. வாரம் ஒருமுறை அடுக்கின் நடுவில் கை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்புத் தெரிந்தால் அன்றே அடுக்கைப் பிரித்து, சரக்கைக் கொட்டி ஆறவிடுங்கள்.

5. தகரக் கூரைக்கு அடியில் நேராகச் சரக்கு வைக்காதீர்கள். கூரைக்கு வெள்ளையடித்தாலே சூடு குறையும்.

6. காய்ந்த காற்று வீசும் பகலில் சன்னலைத் திறவுங்கள். மழை நாளிலும் ஈரமான இரவிலும் மூடி வையுங்கள்.

7. பழைய சரக்கை முதலில் விற்பனைக்கு எடுங்கள். மீந்த வண்டுச் சரக்கைப் புதுச் சரக்கின் அருகே வைக்காதீர்கள்.

8. எண்ணெய், மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஆகியவற்றை வெயில் படும் முன்வரிசையில் அலங்காரமாக அடுக்காதீர்கள். உயிரற்ற சரக்கு என்றாலும் வெளிச்சமும் காற்றும் பட்டு எண்ணெய் காறும், மிளகாயின் நிறம் வெளுக்கும்.

9. ஒவ்வொரு சரக்குக்கும் வந்த எடை, வந்த ஈரம், மாதம் ஒருமுறை எடை என்று ஒரு பேரேடு வையுங்கள். ஒரு வருடம் எழுதினால், எந்தச் சரக்கு எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்று உங்கள் கிடங்கே சொல்லிவிடும்.

இந்த ஒன்பதாவது யோசனையை முதலாவதாகக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். இயற்கையாகக் குறைய வேண்டிய அளவு தெரிந்திருந்தால்தான், அதற்கு மேல் குறைந்தது களவா, கவனக்குறைவா, வண்டா என்று நியாயமாக விசாரிக்க முடியும். அளவு தெரியாமல் ஆள்மீது சந்தேகப்படுவது முதலாளிக்கும் நிம்மதியில்லை, உழைப்பவருக்கும் கௌரவமில்லை.

வெயிலில் நின்ற ஒரு பயிர், தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டுமே பிடித்துச் சேமிக்க முடிகிறது. உழவர் பாடுபட்டுக் கொண்டுவரும் அந்தச் சிறு சேமிப்பு, சமைப்பவர் கைக்குப் போகும்வரை நம் பொறுப்பில் இருக்கிறது. அதைச் சூடாகவும் புழுவாகவும் கரைய விடாமல் கொண்டு சேர்ப்பதே வணிகரின் கடமை. அதில்தான் லாபமும் இருக்கிறது.